காலை 6.40 பஸ்சில் எத்தனை பேர்

மே 14, புதன்
கண்டாச்சிபுரம் – விழுப்புரம், காலை 6.40 டவுன் பஸ். இன்று ஏறியவர்கள் 31. நேற்று 29, முந்தாநாள் 33. வழியில் கெடார் ஊர் தாண்டியும் பாதி சீட் காலி. மூன்று நாள் எண்ணிக்கை முடிந்தது.

மே 23, வெள்ளி
சூப்பர்வைசர் அன்புச்செல்வன் சார் சராசரி 31ஐ 365ஆல் பெருக்கினார். ஆண்டுக்கு 11,315 பயணிகள். பதினைந்தாயிரத்துக்குக் குறைந்தால் அந்த பஸ் நடையை நிறுத்தலாம் என்று எங்கள் சர்வே கம்பெனி போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதிக்கொடுக்கும். எண்ணியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
கண்டாச்சிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அதே 6.40இல் திரும்பினேன். படியில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் பள்ளிக்கூடப் பைகள். கண்டக்டர் மாரியப்பன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா மேடம், லீவுல வந்து எண்ணிக்கினு போனீங்களே. இப்ப எண்ணுங்க பாக்கலாம்!"
மே மாசம் லீவுன்னு எனக்குத் தெரியாதா? ஏன்டி மெர்லின், எங்கடி போச்சு உன் புத்தி?

ஜூன் 11, புதன்
சாருக்கு போன் செய்தேன். "ரிப்போர்ட் போயிடுச்சிம்மா. பேஜாரு பண்ணாத." மறுபடி எண்ணப் போகிறேன் என்றேன். "யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை.
சாயங்காலமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்
77.

ஜூன் 13, வெள்ளி
72. பக்கத்தில் நின்ற மலர்விழி, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள், கேட்டாள்: "எதுக்குக்கா எண்ணிக்கினு வர்றீங்க?"
பஸ்சை நிறுத்தப் போகிறார்கள் என்றேன்.
"அடுத்த பஸ்சு எட்டேகாலுக்குக்கா. எட்டு மணிக்கு நான் வேலையில நிக்கணும். எவன் நிறுத்தச் சொன்னது?"
"நான் எண்ணுனதுதாம்மா."
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது மட்டும், "திங்கக்கிழமயும் வருவீங்களா?"

ஜூன் 16, திங்கள்
73. மலர்விழி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் சராசரி 74. பள்ளிக்கூடம் நடக்கும் 220 நாளுக்கு 74 பேர், மற்ற 145 நாளுக்கு 31 பேர் என்று வைத்தால், ஆண்டுக்கு 20,775. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அதேதான்.

ஜூன் 18, புதன்
புது எண்ணிக்கையை அன்புச்செல்வன் சாரிடம் காட்டினேன். "கம்பெனி பேரு கெட்டுடும் மெர்லின். அப்புறம் அடுத்த சர்வேக்கு உன்ன எப்படிக் கூப்புடறது?"
"கூப்புடலன்னா போவுது சார். அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்குது."
வாய் சொல்லிவிட்டது.
நேரே பஸ் நடைகளை முடிவு செய்யும் அதிகாரியிடம் போனேன். மே மாதத் தாள், ஜூன் மாதத் தாள் இரண்டையும் படித்தார். "ரெண்டும் நீங்க எண்ணுனதா? எதும்மா தப்பு?"
"ரெண்டு எண்ணிக்கையும் சரி சார். பெருக்குனதுதான் தப்பு."
தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 7, திங்கள்
பதில் இல்லை. நாளை மறுபடி போவேன்.

ஜூலை 21, திங்கள்
மலர்விழி போனில் கத்தினாள். "ஆர்டர் வந்துடுச்சாம்க்கா! பஸ்சு ஓடுமாம்!" பின்னால் ஒரே இரைச்சல். பஸ்சிலிருந்துதான் பேசியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்
கம்பெனி திண்டிவனத்தில் புது சர்வே தொடங்கிவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை.
அதே திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலை ஆபீசில் வேலை கேட்டிருந்தேன். இன்று முதல் நாள். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து உட்கார இடம் கிடைக்கவில்லை, கடைசிவரை நின்றுகொண்டே போனேன். நாளை இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.