திரும்பிவரச் சோறு

மாடி வீட்டில் கொள்ளு வேகிறது. அந்த வாசனை படியிறங்கி என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது ரசத்தின் வாசனை. எனக்கோ ஒரு பெரும்படையின் குதிரைகளும், அவற்றுக்குத் தீனி போட்ட நீயும் கண்முன் வந்து நிற்கிறீர்கள். இதை யாரிடமாவது சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள். உன்னிடம்தான் சொல்ல முடியும், நீயோ இல்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த நீயும் நானும் கலாவும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் சித்தப்பா மகன் பெங்களூர்க் கல்லூரியிலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து போட்டான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக மாறி, எங்கே போகிறோம், என்ன செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஆடும் விளையாட்டு. ராஜ்ஜியம், அரக்கன், மந்திரவாதி எல்லாம் உண்டு. நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான். கலா கேட்காமலேயே தளபதி ஆகிவிட்டாள். நீ மந்திரவாதி ஆவாய் என்று நினைத்தேன். நீயோ, "இத்தன பேரு சண்டைக்குப் போறாங்களே, இவங்களுக்குச் சோறு யாரு போடுறது?" என்று கேட்டாய். அந்த வேலை அன்றே உன் தலையில் விழுந்தது.

சிங்காரப்பேட்டையில் உன் அத்தா சந்தை சந்தையாக மளிகை ஏற்றிப்போகும் வியாபாரி. மூட்டை கட்டுவது உன் ரத்தத்தில் இருந்தது போல. குதிரைக்குக் கொள்ளு என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "பின்ன என்ன, பிஸ்கட்டா திங்கும்?" என்று முறைத்தாய். மூட்டையை மட்டும் பார்த்தால் போதாது, அதை இழுக்கிற மாட்டையும் பார்க்க வேண்டும் என்பது உன் கட்சி. "தூரம் போவப் போவ வண்டி மாடே பாதிய தின்னு முடிச்சிரும்டி," என்பாய். அதனால் வழிநெடுக நீ தங்கல்கள் போட்டாய். ஒவ்வொரு தங்கலிலும் படை திரும்பி வரும்போது வேண்டிய உணவை இறக்கி வைத்த பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைக்க விடுவாய். கலா பல்லைக் கடிப்பாள். "நான் அரக்கன் கோட்ட வாசல்ல நிக்கிறேன், இவ என்னமோ கட்டுச்சோறு கட்டிக்கிட்டு இருக்கா!" நீ அசரமாட்டாய். "போறவங்க வரணுமில்ல?" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாய்.

புத்தகத்தில் மலைக்கணவாயைப் பனி மூடும் என்று ஒரு விதி இருந்தது. வெள்ளைக்காரன் எழுதியது, அவன் சொன்னது வெண்ணிறமாகக் குவிந்து உறையும் பனியை. நான் வெறுமனே பனி என்று வாசித்துவிட்டேன். உனக்குத் தெரிந்தது மார்கழி காலை ஷிப்டுக்குப் போகும்போது எதிரே வரும் பஸ்ஸையே மறைக்கிற ஓசூர்ப் பனிதானே. "அதுக்கு எதுக்குடி நிக்கணும்? மாட்டுக்கு மணி கட்டு, வண்டிக்கு வண்டி லாந்தர் மாட்டு," என்று எண்ணெய் டின்களை ஏற்ற ஆரம்பித்தாய். உன்னைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அன்று முதல் நம் உலகத்தில் பனி என்றால் மூடுபனிதான்.

பிறகுதான் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறியதும் உட்கார்ந்துவிடுவாய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் பெங்களூர் டாக்டர். அத்தா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "சண்ட போதும்டி. நான் உள்ள போறதுக்கு முன்னாடி அவங்கள எல்லாம் ஊட்டுக்கு அனுப்பிடணும்." கலா, அரக்கனைப் பிடிக்க அத்தனை நாள் காத்திருந்தவள், மறுபேச்சுப் பேசாமல் படையைத் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கலாவோடு பஸ் பிடித்து வந்து உன் கட்டில் ஓரத்தில் பகடையை உருட்டினேன். ஒவ்வொரு வாரமும் படை ஒரு தங்கல் பின்னால் வந்தது; நீ வைத்த மூட்டைகளை அவிழ்த்துத் தின்றது. கடைசித் தங்கலுக்கு வந்தபோது பனி இறங்கியது. அதைத் தாண்டினால் ஊர். மறுபடி உருட்டச் சொன்னாள் கலா. பனிக்கெல்லாம் நிற்காத நீ, அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல்கள் சில்லென்று இருந்தன. "ஒக்காரட்டும் விடு. அங்க மூட்ட வச்சிருக்கேன், பசிச்சா திம்பாங்க. நீ அடுத்த வாரம் வந்து நகத்து." அதற்குள் நர்ஸ் வந்து, "டைம் ஆய்த்து, ஹோகம்மா," என்று எங்களை விரட்டினாள். நீ சிரித்தபடி கையை ஆட்டினாய்.

புதன்கிழமை ஆபரேஷன். நீ கண் விழிக்கவே இல்லை.

எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. முகம் தெரியாத சிப்பாய்க்கெல்லாம் திரும்பி வரச் சோறு வைத்தவள் உனக்கு ஒரு பிடி வைத்துக்கொண்டாயா? சிங்காரப்பேட்டையில் உன்னை எடுத்துப்போனபோது நான் அழவில்லை. ஓசூர் திரும்பி, நீ இல்லாத அறையில் விளக்கைப் போட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அந்த அழுகை இன்னும் முடியவில்லை.

இப்போது கலாவுக்குப் பேரன் இருக்கிறான். எப்போதாவது போன் செய்தால் கேட்பாள், "இன்னுமாடி அவங்கள அங்கயே நிக்க வச்சிருக்க? அவதான் போயிட்டா, அவங்களாச்சும் ஊடு போய்ச் சேரட்டுமே." நியாயம்தான். ஒரு தடவை பகடையை உருட்டினால் போதும். ஆனால் அடுத்த வாரம் பிறந்துவிட்டது என்று நான் சொன்ன அந்த நிமிஷமே அவர்களுக்குப் பசிக்கும். நீ வைத்த கடைசி மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள்.

அதனால் நான் சொல்லவில்லையடி. என்னைப் பொறுத்தவரை அது இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். யாருக்கும் பசிக்கவில்லை.