காற்றுப் புகாத அறை

14 செப்டம்பர் 97, ஞாயிறு

காலை முழுதும் சூரியன் இல்லை. எதிர் வரிசை வீடுகள் பாதிதான் தெரிகின்றன. சுமத்ராவில் காடு எரிகிறதாம். அலோர் காஜா பாசாரில் பாதிப் பேர் மூக்கைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பாப்பா பிறந்து ஒன்பதாம் நாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து வந்தவள். மூச்சு விடும்போது சின்னதாக விசில் மாதிரி ஒரு சத்தம். கிளினிக்கில் டாக்டர், "புகை உள்ளே வராமப் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். எப்படி என்று சொல்லவில்லை.

நாக்கோ ஜன்னல்களை இறுக்கி மூடினேன். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே விரல் போகிறது. சாயங்காலம் பாப்பாவின் துணியை முகர்ந்து பார்த்தேன். எரிந்த வாசனை.

15, திங்கள்

ஐந்து மணிக்குமேல்தான் ஆபீஸ் தொலைபேசி சும்மா இருக்கும். கணக்குப் பிரிவு அஸ்மானிடம் கெஞ்சி இண்டர்நெட் போட்டுத் தரச் சொன்னேன். கீச் கீச்சென்று கத்தி, ஒருவழியாகக் கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர், வீட்டுக்குள் காற்று நுழையாமல் அடைப்பது எப்படி என்று படம் போட்டு, படிப்படியாக எழுதியிருக்கிறார். பனிக்காலத்துக்கானது.

"இத்து ஓராங் சால்ஜி புஞ்ஞா லா, பாங்." அஸ்மான் சிரித்தான். பனி நாட்டுக்காரர்களுடையதாம். புகையும் காற்றோடுதானே வருகிறது என்றேன். பதினோரு பக்கம் பிரிண்ட்.

டிராஃப்ட் என்றால் காற்றுக் கசிவு. இத்தனை நாள் கடித நகல் என்று மட்டும் நினைத்திருந்தேன். கால்க் என்று ஒன்று, அகராதியில் இல்லை.

16, செவ்வாய்

ஹார்ட்வேர் கடை. கால்க் என்றதும் கடை முதலாளி தவுக்கே விழித்தார். படத்தைக் காட்டியதும் இடுக்கு அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாயை எடுத்து வைத்தார். வாங்கியவை:
மெராந்தி மரச் சட்டம், ஒன்றுக்கு இரண்டு அங்குலம், ஆறு
தடித்த பிளாஸ்டிக் தாள்
கதவுக்கு ரப்பர் பட்டை
சிறிய உளி, ரம்பம்
திருகாணி ஒரு பெட்டி

சரசுவுக்குப் பக்கங்களைத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு வரி, அடைத்த அறைக்குள் ஹீட்டர் எரிய விடாதீர்கள் என்று. "இந்த ஊர்ல யாரு வீட்டுல ஹீட்டர் இருக்கு?" என்றாள். இருவரும் சிரித்தோம். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்தது இன்றுதான்.

17, புதன்

முதல் சட்டகம் வீண். ஜன்னலின் வெளி அளவை எடுத்து அறுத்துவிட்டேன். உள்ளே போகவில்லை. இடது கட்டை விரலில் உளி.

இரண்டாவது பரவாயில்லை. மூலையில் இரண்டு சட்டத்திலும் பாதிப் பாதி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். ஆறு முறை செதுக்கிய பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. தடவித் தடவிப் பார்த்தேன்.

மு. அக்கா வாசலில் நின்று பார்த்தார். முனியம்மா அக்கா. எஸ்டேட் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சரசுவையும் பாப்பாவையும் குளிப்பாட்டி, பத்தியம் சமைத்துவிட்டுச் சாயங்காலம் போகிறவர். எங்கள் இரண்டு பக்கத்திலும் தாயார் இல்லை.

"தச்சு வேல யாருகிட்ட தம்பி கத்துக்கிட்டீங்க?"

"கம்ப்யூட்டர்லக்கா."

நம்பவில்லை.

19, வெள்ளி

லீவு. சரசுவும் பாப்பாவும் படுக்கும் அறையின் இரண்டு ஜன்னலும் முடிந்தது; சட்டகத்தில் பிளாஸ்டிக் தாளை இழுத்து அடித்து உள்ளே பொருத்தினேன். அவற்றுக்கு மேலே இருந்த சிமெண்டுத் துவாரங்களுக்குப் பிளைவுட். கதவைக் கழற்றி, அடியை இழைத்து, ரப்பர் பட்டை அடித்து மறுபடி மாட்டினேன். தோளில் தள்ளினால்தான் மூடுகிறது.

சோதனை: ஊதுபத்தியை இடுக்குகளில் காட்டு, புகை வளைந்தால் கசிவு. எங்கே காட்டினாலும் நேராக எழுந்தது. சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் தொட்ட எந்தக் காரியமும் இப்படி முழுசாக முடிந்ததில்லை.

21, ஞாயிறு

மு. அக்காவோடு சின்ன வாக்குவாதம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவார். புகை வராமல் இவ்வளவு பாடுபட்டு அடைத்த அறையில் சாம்பிராணியா? கூடாது என்றேன்.

"பச்ச ஒடம்பு தம்பி. சூடு படணும். நெருப்புச் சட்டியாவது கட்டிலுக்குக் கீழ வைக்கணும்."

யோசித்தேன். நன்றாகப் பிடித்த கரியில் புகை ஏது? அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மிச்சச் சட்டத்தில் சட்டி வைக்க ஒரு மணை செய்து, மேலே தகரம் அடித்துக் கொடுத்தேன். ஆடவில்லை.

"உள்ள இருந்தா எனக்கு நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு தம்பி. கதவ ஒரு விரக்கட தொறந்து வைக்கவா?"

வேண்டாம் என்றேன். ஹாலில் எப்படி மூட்டமாக இருக்கிறது பாருங்கள் என்றேன்.

23, செவ்வாய்

புகைமூட்டம் மோசம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருமிக்கொண்டே போகிறார்கள்.

சரசுவுக்குத் தலைவலி. சாப்பிட்டது வாந்தி. அடுப்படியில் வந்து உட்கார்ந்தால் தேவலை என்கிறாள். மறுபடி அறைக்குப் போனால் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். எங்கோ புகை உள்ளே வருகிறது. ஊதுபத்தியோடு ஒரு மணி நேரம் தேடினேன். ஜன்னல் கைப்பிடி ஓரத்தில் மயிரிழை அளவு. சிலிக்கோன் வைத்தேன்.

24, புதன்

பாப்பா பகலில் ஆறு மணி நேரம் ஒரே தூக்கம். பாலுக்குக்கூட அழவில்லை. விசில் சத்தமும் குறைந்த மாதிரி. அஸ்மானிடம் சொன்னேன். கட்டை விரலை உயர்த்தினான்.

சரசு மட்டும், "ரொம்ப தூங்குறாளே" என்றாள். தூங்கினால் நல்லதுதானே.

27, சனி. மலாக்கா ஆஸ்பத்திரி, தாழ்வாரம்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறந்தது போல நடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

வியாழன் மழை. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு முதல் மழை. தொழிற்சாலை கேட்டில் ஆட்கள் வேண்டுமென்றே நனைந்தார்கள். நானும் நனைந்துகொண்டே மோட்டாரில் வீடு வந்தேன். ஐந்தரை இருக்கும். கூப்பிட்டேன். பதில் இல்லை. அறைக் கதவைத் தள்ளினேன். ரப்பர் என்று நினைத்தேன். ரப்பர் இல்லை. உள்ளே கதவை ஒட்டி மு. அக்கா விழுந்து கிடந்தார்.

சரசு கட்டிலில், ஒருக்களித்து. பாப்பா அவள் கைக்குள். தூக்கினேன், தலை தொங்கியது. சட்டியில் கரி சிவப்பாக, அழகாக, ஒரு துளி புகை இல்லாமல்.

மூன்று பேரையும் மழையில் இழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேன் எடுத்தார்.

டாக்டர், "உள்ள என்ன எரிஞ்சது?" என்று கேட்டார். கரி என்றேன். கரியில் கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்று வரும் என்றார். "யார் வைச்சது?"

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மா."

அப்படித்தான் சொன்னேன். ஜன்னலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

28, ஞாயிறு

சரசு கண் திறந்தாள். பாப்பா கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாய். வெள்ளிக்கிழமை இரண்டு முறை வலிப்பு.

மு. அக்காவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகும்முன் பாப்பாவைப் பார்க்க வந்தார். சரசுவின் அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"எங்க வந்தீங்க? பிள்ளய கொன்னுட்டுப் பாக்க வந்தீங்களா? கரிய அள்ளிப் போட்டு மூடி வச்சிருக்கீங்க, அறிவு இல்ல?"

மு. அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பார்வை நேர அட்டவணையைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

30, செவ்வாய்

துணி எடுக்க வீட்டுக்கு. அறையில் ஒரு கறை இல்லை. பிளாஸ்டிக் தாள் இறுக்கமாக, தட்டினால் மத்தளம் மாதிரி. மூலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல வேலை. பிறகு சுத்தியலால் அடித்தேன். சுலபமாக வரவில்லை.

டாக்டர்: பிழைத்துக்கொள்வாள். மற்றது இப்போது சொல்ல முடியாது. பார்க்கிறாளா, கேட்கிறாளா, போகப் போகத்தான் தெரியும்.

2 அக்டோபர், வியாழன்

சரசுவிடம் சொன்னேன். டாக்டரிடம் நான் சொன்னதை, சொல்லாததை, மு. அக்கா கதவைத் திறக்கவா என்று கேட்டதை. அவள் அண்ணனும் பக்கத்தில் இருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

சரசு கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்கு மழையில குளிரிச்சி. இன்னும் கொஞ்சம் கரி போடுங்கக்கான்னு நாந்தான் சொன்னேன். அவங்க வேணாம்மா, மூச்சு முட்டுதுன்னாங்க. நான் கேக்கல."

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்தேன்.

"நீங்க போங்க. அவங்க வீட்டுக்குப் போய் உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னதையும் சொல்லுங்க. அண்ணன நான் பாத்துக்குறேன்."

அவள் கையைப் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

3, வெள்ளி

தோட்டத்து பஸ். மு. அக்கா வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. எல்லாம் சொன்னேன். ஆபீஸ் பிரிண்ட், ஜன்னல், டாக்டரிடம் சொன்ன பொய், சரசு சொன்னது. மன்னிப்பு என்ற சொல்லும் வந்தது, ஆனால் அது எங்கோ வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மு. அக்காதான் காரணம் என்று அவர்களுக்கும் ஏற்கெனவே ஏதோ சொல்லப்பட்டிருந்தது போல. கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

முடிந்ததும் மு. அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பா அழுவுதா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

அவர் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மலாக்காவுக்கு அடுத்த பஸ் மூன்றரைக்கு. நிறுத்தத்தில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றோம்.