முக்கால் வேகத்தில் ஒரு குரல்

கோகுல்,

மீன் கறி அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். லேப்பில் இன்று எனக்கு ஷிஃப்ட். உங்கள் அக்கா வந்தால், மாடிச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது.

நாம் சேர்ந்து கேட்கும் ஒலிநாவலில் வாசிப்பவரையே மாற்றிவிட்டீர்கள் என்று மூன்று நாளாக உங்களோடு பேசாமல் இருந்தேன். “வாசிக்கிறது அதே அம்மாதான்லா ஷர்மி! யார் குரலா இருந்தா என்ன, கதை ஒண்ணுதானே?” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்று காலையில் டேப்லட்டைப் பார்த்தேன். கேட்க ஆரம்பித்த முதல் நாளே நான் தெரியாமல் வாசிப்பு வேகத்தை முக்காலாகக் குறைத்திருக்கிறேன். நீங்கள் அதைச் சரிசெய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தப்பு என்னுடையது.

மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாக இறங்கிய அந்தக் குரல், உலகத்தில் யாருக்குமே இல்லை. அதைக் கேட்டபோது கதையில் வரும் படகில் நானும் மிதந்தேன். சரியான வேகத்தில் கதை புரிகிறது. படகுதான் ஆடவில்லை.

ஷர்மி

பி.கு.: கறியில் உப்புக் குறைவு.

இன்னொன்று. மறுபடியும் முக்காலில் வைத்துவிட்டேன். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கதை ஒண்ணுதானே?