முன்வரிசைச் சிரிப்பு

அருப்புக்கோட்டை
12.4.1971

மாமாவுக்கு,

யாரும் பதியாத சத்தங்களைப் பதியவென்று நாம் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி நொடித்துப்போகாமல் இருக்கத்தான் நேற்று அந்த நிதிக் கச்சேரியை நடத்தினேன். சினிமா வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்ட நீங்கள் மெட்ராசிலிருந்து வந்ததில் மகிழ்ந்துபோனேன்.

நம்மூர் நெசவாளி சென்னய்யா அண்ணன் மேடையில் தறி மிதிக்க, நான் வயலின் வாசித்தேன். "இந்தச் சத்தம் எங்க வீட்லயே கேக்குதே, சினிமாப் பாட்டு வாசிங்க" என்று கூட்டத்திலிருந்த நெசவாளி ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் நீங்களும் சிரித்தீர்கள். தறியோடு வயலினைச் சேர்க்கலாம் என்று சொன்னதே நீங்கள்தானே?

அண்ணனின் கால் நின்றுவிட்டது. "நிறுத்தாதீக அண்ணே" என்றேன். முழுதும் வாசித்தோம். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் அசையாமல் கேட்டார்கள். நீங்கள் போனவர்களோடு போனீர்கள்.

கம்பெனியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு வாருங்கள். கம்பெனிக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்