பதினோரு மணிக்கு அங்கே ஊர் ஏது?

மாப்ளே,

இன்று காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து கேட்டைத் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். வீட்டுக்கு வீடு குடிநீர்க் கணக்கெடுப்பாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து வாசல் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே போனில் ஒரு தட்டு தட்டி 'ஆம்' போட்டுவிட்டாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. அவற்றுக்கும் ஏதோ தட்டிவிட்டு நகரப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்றெல்லாம் எழுத அந்தப் போனில் இடமிருக்கிறதா என்று விசாரித்தேன். பாவம், அவள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன், இன்னும் மோசமாக. அவள் போன பிறகும் உன் நினைப்பு போகவில்லை. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நாம் இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் போயிருந்தோம். நீ ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் டிரைவர். நான் கல்லூரி முடித்து பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் சேர்ந்திருந்தேன். அரசாங்கம் போடுகிற குழாய், கட்டுகிற தொட்டி, கொடுக்கிற கறவைமாடு எல்லாம் ஜனங்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. தகுதிகாண் பருவம் வேறு. குறையில்லாமல் அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். போடி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் என்னை நீ அறிமுகப்படுத்துவாய். "இவன் ஒரு சோலியும் செய்ய மாட்டான். அடுத்தவன் செஞ்ச சோலிய எண்ணுறதுதேன் இவன் சோலி." எனக்கு முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு நடப்பதை நான் நிறுத்தவில்லை.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி, குரங்கணிப் பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊருக்கு அப்போதுதான் முதல்முறையாகக் குழாய் வந்திருந்தது. மேலே சரிவில் ஒரு தொட்டி, அங்கிருந்து இறங்கும் பைப், தெருவில் ஆறு குழாய்கள். ஊர்க்கோடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று இருந்தது. அதில் ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்திருந்தது. அடுத்து ஒரு பிள்ளை விழுந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் பயம். குழாய்த் தண்ணீரே போதுமென்றால் கிணற்றை மண்போட்டு மூடிவிடலாம் என்று பேச்சு. போதுமா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

மூன்று தடவை போனேன். ஆபீஸ் ஜீப் பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும், போய்ச் சேரப் பதினொன்றாகிவிடும். மூன்று தடவையும் ஆறு குழாயிலும் தண்ணீர் வந்தது. ஒரு குழாயடியிலும் கூட்டமில்லை, குடவரிசையில்லை, சண்டையில்லை. போடியில் குழாயடிச் சண்டைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கக் கண்கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் போனேன். கயிறுமில்லை, வாளியுமில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். இங்கே இல்லையென்றால் யாரும் இறைப்பதில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் முடிவு கட்டினேன். ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அறிக்கையை அழகாக எழுதினேன். 'காத்திருப்போர் எவருமில்லை. குடிநீர்த் தேவை முழுமையாக நிறைவேறியுள்ளது. பழைய கிணறு பயன்பாட்டில் இல்லை. அதை மூடப் பரிந்துரைக்கப்படுகிறது.' குழாய்த் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் வாழை செழித்திருப்பதைக்கூட விடாமல் ஒரு வரி சேர்த்தேன். எங்கள் ஆபீஸ் தலைமை அதிகாரி பி.டி.ஓ. படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை டிராக்டரில் மண் லோடு போவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தேன். காலையில் பெண்களை மேலே எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, ஸ்பிரிங் பட்டை உடைந்த ஜீப்பை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவந்திருந்தாய். நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய், கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. நான் அந்தக் கால்களைப் பார்த்துக் கம்பீரமாக வாசித்தேன். 'காத்திருப்போர் எவருமில்லை' என்ற இடத்தில் ஸ்பானர் சத்தம் நின்றது. நீ ஊர்ந்து வெளியே வந்தாய். முகத்தில் இருந்த மசியைக்கூடத் துடைக்கவில்லை.

"நீ எத்தன மணிக்குப் போன?"

பதினொன்று என்றேன்.

"பதினோரு மணிக்கு அங்க ஊரு ஏது மாப்ளே? காலைல ஆறு மணிக்கே ஊர அள்ளி ஏம் ஜீப்புல போட்டுக்கிட்டுப் போயிருவேன்ல."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் கோபப்பட்டேன். ஊரில் பெரியவர்கள் இருந்தார்கள், நானே கேட்டேன், மூன்று தடவை நேரில் பார்த்தேன் என்று அடுக்கினேன். நாளைச் சாயங்காலம் முந்தலில் வந்து நில், இறங்கி வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்றாய். வரமாட்டேன் என்றேன். மறுபடியும் கூப்பிட்டாய். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "வண்டி ஓட்டுறவன் வண்டிய மட்டும் ஓட்டு. ஏஞ்சோலிய எனக்குச் சொல்லிக் குடுக்காத." ஒர்க் ஷாப்பில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ மறுபடி வண்டிக்கு அடியில் போனாய்.

அன்று எனக்கிருந்தது கோபமில்லை, பயம். எழுதிக் கொடுத்தாயிற்று, பாராட்டும் வாங்கியாயிற்று. நான் எழுதியது தப்பு என்று நானே போய்ச் சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து முந்தலில் வந்து நின்றேன். உன் ஜீப் மலையிலிருந்து இறங்கி வந்து நின்றது. முன்சீட்டில் இருந்தவர்களை நெருக்கி உட்காரச் சொல்லி எனக்கு இடம் கொடுத்தாய். பின்னால் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். காய் எடுத்த கைகளெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருந்தன.

ஊரில் இறங்கிய பெண்கள் முகம்கூடக் கழுவவில்லை. வீட்டுக்குள் போன வேகத்தில் இடுப்பில் குடமும், தோளில் சுருட்டிய கயிறும், கையில் வாளியுமாகத் திரும்பி வந்தார்கள். அத்தனை பேரும் நேரே கிணற்றுக்குத்தான் போனார்கள். கயிற்றைக் கிணற்றடியில் விட்டால் காணாமல் போய்விடும் என்று அங்கே வீட்டுக்கு ஒரு கயிறு, அவரவர் வீட்டில்தான் இருக்குமாம். நான் ஒரு குழாயைத் திருகிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. தொட்டியைத் திறக்கிறவர் பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்கு மூடிவிட்டுப் போகிறவர். அவருக்கும் என்னைப் போல ஆபீஸ் நேரம். குடிக்க ஆளில்லாத தண்ணீரெல்லாம் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போயிருக்கிறது. நான் அந்த வாழையைப் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

பேச்சியம்மாள் என்ற பெண் இறைத்த வாளியைக் கவிழ்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள். நான் கேள்வி கேட்ட பெரியவர் அவளுடைய மாமனார்தான். "பகல்ல தண்ணி வருதுன்னு எங்க மாமனார் சொல்லுவாக சார். நாங்க கண்ணால பாத்ததில்ல." அவள் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கெணத்த மூடப் போறாகளாமே, நெசந்தானா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மண் விழுந்தால் அன்று சாயங்காலமே இவர்களுக்கு உலை வைக்கத் தண்ணீர் இருக்காது. இருட்டில் பாறை வழியாக ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும், நாள் முழுக்க மலையில் வேலை செய்த காலோடு. அதைச் செய்யப்போவது டிராக்டர் இல்லை, நான் எழுதிய மூன்று வரி. அப்போது பின்னாலிருந்து நீ பதில் சொன்னாய். "அதப் பாக்கத்தேன் சாரு வந்துருக்காரு." என்னை நீ மரியாதையாகச் சொன்னது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாய் என்று நினைத்து அந்த இடத்தில் மனசுக்குள் உன்னைக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பிலேயே, முதல் மூன்று முறை பார்த்தது பகல் பதினோரு மணி, நான்காம் முறை பார்த்தது மாலை ஐந்தரை மணி என்று போட்டேன். கீழே, என் முதல் அறிக்கை தவறு, பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை பி.டி.ஓ. முன்னால் நின்றபோது வேட்டி தடுக்கியது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னது இதுதான்: "மண்ணக் கொட்டுன பெறகு வந்து சொல்லிருந்தா என்ன செஞ்சிருக்க முடியும்? இப்பச் சொன்னீங்க, பொழச்சோம்."

பிழைத்தோம் என்றாரே மாப்ளே, என்னையும் சேர்த்து. வெளியே வந்து ஆபீஸ் படியில் உட்கார்ந்தேன். மூன்று நாளாகத் தொண்டையில் இறங்காத சோறு அன்று மத்தியானம் இரண்டு தட்டு இறங்கியது. தப்பைச் சொல்லிவிட்ட பிறகு உடம்பு இவ்வளவு லேசாகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் நீ இறங்கி வரும்வரை காத்திருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். "சரி, ஒரு டீ வாங்கிக் குடு" என்றாய். வெள்ளிக்கிழமைச் சண்டையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். தொட்டி விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் திறக்கிற மாதிரி நேரம் மாறியது. திறக்கிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார். குழாயடியில் முதல்முறையாகச் சண்டை வந்ததாகப் பேச்சியம்மாள் சொல்லி அனுப்பியபோது எனக்கு வந்த நிம்மதிக்கு அளவில்லை.

எண்பதுகளில் தேவாரம் பக்கம் கறவைமாடு கொடுத்த ஊர்களுக்குப் போனபோது பால் கறக்கும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போனேன். மாட்டை எண்ணுவது சுலபம். பால் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று அந்த நேரத்தில்தான் தெரியும். பொட்டிபுரத்தில் பால்வாடியைப் பார்க்கச் சோற்று நேரத்துக்குப் போனேன். எங்கே போனாலும் முதலில், இந்நேரம் இங்கே இல்லாதவர்கள் யார், அவர்கள் எப்போது வருவார்கள் என்று விசாரித்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் இதைக் கேலி செய்தார்கள். இப்போது கண்காணிப்பு, மதிப்பீடு என்று இதற்குப் பெரிய பெரிய பயிற்சியெல்லாம் நடக்கிறதாம். நல்லதுதான். எனக்குப் பாடம் நடந்தது ஒரு உடைந்த ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில்.

இனி நான் சொல்ல வந்தது. உன் பதினாறாம் நாளுக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். கண் மங்கிவிட்டது, ஆனாலும் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவளாகவே பேசத் தொடங்கினாள். நான் வந்து பார்த்ததற்கு முதல் நாள், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, ஜீப்பை விட்டு இறங்கும்போது நீ அவர்களிடம் பேசியிருக்கிறாய்.

"'கெணத்த மூட மாட்டாக. எழுதுனவன் ஏங்கூடப் படிச்சவன். நாளைக்கு வந்து பாப்பான், பாத்தான்னா மாத்தி எழுதிருவான்'னு அண்ணேந்தேன் சொன்னாக. அதனாலதேன் சார் அன்னைக்கு உங்கள ஒருத்தரும் வையல."

எழுதியவன் நான்தான் என்று தெரிந்துகொண்டேதான் அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். நாலு பேர் முன்னால் உன்னைக் கேவலப்படுத்தியிருந்தேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டு மலையேறிப் போய், திரும்பி வந்து, எனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறாய். நான் வராமல் போயிருந்தால், தினமும் உன் வண்டியில் ஏறி இறங்கும் அந்தப் பெண்களின் முகத்தில் நீ எப்படி விழித்திருப்பாய்? இலையில் வைத்த சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை, மாப்ளே. அழுதுவிட்டேன்.

வண்டியை மட்டும் ஓட்டு என்று சொன்னதற்கு இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி மனசு லேசாகத்தான் இருக்கிறது. நீ எனக்காகச் சொன்ன சொல் வீணாகவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் முந்தலுக்கு வந்துவிட்டேன்.