ஜெயித்தவர்களுக்கு வந்த காமாலை

ஜூன் 3

மரியாதைக்குரிய ஒற்று அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் அது வந்து சேர நாலு நாளாவது ஆகும் என்பதால் எழுதுகிறேன். வக்கீல் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வீட்டில் மேஜைமேல் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இங்கே ஊர் முழுக்க மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர். நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினார்கள். ஊர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடைதானாம். படுத்தவர்கள் எல்லோரும் அங்கே சாப்பிட்டவர்களாம். கடையின் பெயர்ப்பலகையை உடைத்து, அடுப்பில் மண்ணைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் சுகாதாரத் துறை இவ்வளவு வேகமாக முடிவெடுத்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், கிருமி உள்ளே போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். ஆகவே "போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கவேண்டும், முந்தாநாள் சாப்பிட்டதே நினைவில்லாத மனிதர்களிடம்.

உங்கள் சட்டைகள் இஸ்திரிக்காரரிடம் இருக்கின்றன. வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
டாக்டர்


ஜூன் 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கோபம் வந்தால் உனக்குக் கூடவே மரியாதையும் வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து "நீ", "வாடா", "போடா" என்று இருந்தவன் ஒரே வாரத்தில் "அவர்கள்" ஆகிவிட்டேன். பதவி உயர்வுக்கு நன்றி.

பத்திரத்தைப் படித்தேன். பிரிக்கவேண்டிய சொற்களை வக்கீல் சேர்த்திருக்கிறார், சேர்க்கவேண்டியவற்றைப் பிரித்திருக்கிறார். க், ச், த், ப் விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது என்றுதானே நீ எனக்கு இந்தப் பெயரை வைத்தாய்? பிழையுள்ள தாளில் கையெழுத்துப் போடுவது மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு அழகில்லை. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் சிக்கலுக்கு ஒரு யோசனை. மனிதர்கள் சாப்பாட்டை மறப்பார்கள், சண்டையை மறக்கமாட்டார்கள். கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று "போறேன்" என்றாய். "போயிட்டு வர்றேன்னு சொல்லணும்" என்று நான் திருத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டே "சரியாத்தான் சொன்னேன்" என்றாய். இது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால், அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

போன மாதம் யாரோடு சண்டை போட்டீர்கள் என்று கேட்டுப் பாரேன்.

ஒற்று


ஜூன் 15

அன்புள்ள ஒற்றுவுக்கு,

உங்கள் யோசனையைக் கிண்டல் என்று நினைத்துத்தான் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கடை விஷயம். நோயாளிகளை மட்டும் விசாரித்தால் கிடைப்பது புகார்தான்; நன்றாக இருப்பவர்களையும் விசாரித்தால்தான் காரணம் கிடைக்கும். விசாரித்தோம். அவர்களும் அதே அளவுக்கு அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் இமையை இழுத்துக் காட்டினார். "மூணு வேளையும் இங்கதாம்மா சாப்பிடறேன். பாருங்க, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை." கடை விடுதலை.

அப்புறம் சண்டைகள். கண் மஞ்சளான ஒரு அம்மாள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது விழித்தாள். சண்டை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "குழாய் ரிப்பேர்னு தண்ணி லாரி வந்துச்சுல்ல, அன்னைக்கு எதிர்வீட்டுக்காரி என் குடத்தைத் தள்ளிட்டு முன்னாடி போனா. விடுவனா? இழுத்துப் போட்டுட்டு நான்தான் பிடிச்சேன்." அடுத்த கட்டிலிலும் லாரிச் சண்டைதான். அதற்கடுத்ததிலும்.

எதிர்வீட்டுக்காரியைப் போய்ப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கிறாள். தோற்றுப்போய் வெறுங்குடத்தோடு அடுத்த தெரு அடிபம்புக்குப் போனவள். இப்படியே வீடு வீடாகப் பார்த்தால், ஜெயித்தவர்கள் ஆஸ்பத்திரியில், தோற்றவர்கள் சுகமாக. தோற்றும் படுத்தவள் ஒருத்தி உண்டு. ஜெயித்தவள் பாவம் பார்த்து அவளுக்கு ஒரு குடம் கொடுத்திருக்கிறாள்.

லாரிக்காரர் தண்ணீர் எடுத்த கிணற்றுக்குப் பக்கத்திலேயே உடைந்த சாக்கடை. கிணற்றைப் பூட்டிவிட்டோம்.

யோசனைக்கு நன்றி.

டாக்டர்


ஜூன் 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஜெயித்தவர்கள் ஆஸ்பத்திரியில் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நம் கடைசிச் சண்டையில் ஜெயித்தது நான். நீ வீட்டில் இருந்த சொற்ப நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன். நீ பெட்டியை எடுத்தாய். அன்றிலிருந்து எனக்குப் பசியில்லை, வாய் கசக்கிறது. தினமும் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

உன் முறைப்படி, நாம் நன்றாக இருந்த நாட்களையும் விசாரித்தேன். அப்போதும் நீ பாதி நாள் வெளியூரில்தான் இருந்திருக்கிறாய். ஆகவே உன் வேலையும் அந்தக் கடை மாதிரிதான். விடுதலை.

வித்தியாசம் ஒன்றுதான் கிடைத்தது. நன்றாக இருந்த நாட்களில், நீ எந்த ஊரில் இருந்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். பிறகு எப்போதோ அது "எப்ப வருவே?" என்று மாறிவிட்டது. கேள்வி மாறிய பிறகுதான் நோய்.

சாப்பிட்டியா?

ஒற்று


ஜூன் 27

அன்புள்ள ஒற்று,

சாப்பிட்டேன். கடைக்காரர் மறுபடி திறந்துவிட்டார். முதல் சாப்பாடு எனக்குத்தான் என்று உட்காரவைத்தார்; நான் விழுங்குவதை ஊரே நின்று பார்த்தது. அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், பலகையை உடைத்தவர்கள் உட்பட. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் உப்பு தூக்கல்.

புதுப் பெயர்ப்பலகையில் 'சாப்பாட்டு கடை' என்று எழுதியிருக்கிறார்கள். க் இல்லை. ஒற்று இல்லாமலும் படிக்கமுடிகிறது, அர்த்தமும் புரிகிறது. ஆனாலும் போகும்போதும் வரும்போதும் அங்கேயே கண் போகிறது.

நீ திருத்தி அனுப்பிய பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியின் அடியில் விரித்து, அதன்மேல் துணிகளை அடுக்கியிருக்கிறேன். நல்ல கெட்டித் தாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி. அன்றைக்கு வாசலில் நான் சொல்லாமல் விட்ட பாதியை இப்போது சொல்கிறேன்.

வர்றேன்.

உன்,
டாக்டரம்மா