பெனிசிலின் மேல ரெண்டு ஸ்பூன்

நவம்பர் 16, சனி. திருவொற்றியூர்.

இன்னிக்கு நான் பண்ணது தப்புதான்.

போன மழைல ஃபேக்டரி கேஸ் கசிஞ்சதுலேர்ந்து வூட்டுக்காரருக்கு வாசன தெரியல. கப்பல் பார்ல சரக்கு கலக்குற ஆளு, மூக்கு போச்சுன்னா வேல போச்சு. போன மாசம் "வந்துடுச்சி மே"ன்னு சொன்னாரு. நம்பினேன். முந்தாநாளு அடுப்புல மீன் கருகுது, பக்கத்துலயே உக்காந்து போன் பாத்துகினு கீறாரு. ஒரு வார்த்த என்கிட்ட சொன்னா இன்னாவாம்?

திங்கக்கிழம புதுக் கம்பெனில கலக்கிக் காட்டணும். அதுக்காக இன்னிக்கு சாயந்திரம் வூட்டுலயே பெனிசிலின் போட்டாரு. மருந்து இல்ல, காக்டெய்ல். ஸ்காட்ச், எலுமிச்ச, இஞ்சி, தேன். கடைசில மேல ரெண்டு ஸ்பூன் வேற ஸ்காட்ச், புகை வாசன அடிக்கிறது. அது நாக்குக்கு இல்ல, மூக்குக்குன்னு அவரே சொல்லுவாரு.

அந்தப் புகை ஸ்காட்ச்சோட சின்ன பாட்டில்ல காலையிலயே ஆறின பிளாக் டீய ஊத்தி வெச்சிட்டேன். உள்ள இருந்த ஸ்காட்ச ஊறுகா ஜாடிக்கு மாத்திட்டேன்.

டீய ரெண்டு ஸ்பூன் மேல விட்டு, கிளாஸ மூக்குகிட்ட வெச்சு கண்ண மூடினாரு. "இன்னா புகை மே! நீயும் மோந்து பாரு"ன்னு நீட்டினாரு. எனக்கு இஞ்சி வாசனதான் வந்துச்சு.

"ஆமா, தூக்குது"ன்னேன்.

திங்கக்கிழம அங்க எவன் ஆமான்னு சொல்லப் போறான்?

இப்பதான் ஜாடிய எடுத்து மூடியத் தொறந்தேன். வூடு பூரா புகை நாத்தம். உள்ளேர்ந்து, "இன்னா மே, இன்னும் தூங்கலியா?"ன்னு கேட்டாரு. அந்த நாத்தத்தப் பத்தி ஒண்ணும் கேக்கல.